பஸ் நான்கு, கடைசி ஸ்டாப்

முவைலா, ஷார்ஜா
14-4-2004

அன்புள்ள தம்பி சரவணனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் அர்ஜுனும் சௌக்கியம். நேற்றுப் போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று ஏழு தடவை சொன்னாய். ஒரு தடவை சொன்னால் கேட்டுக்கொண்டாய் என்று பொருள். ஏழு தடவை என்றால் அங்கே டிவி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் தருகிறேன்.

என் ஆராய்ச்சிப் படிவங்கள் நூற்றுப் பதினைந்தையும் உங்கள் பள்ளியின் போஸ்ட் பாக்ஸுக்கு, கோபாலசாமி சார் பெயரில் அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் அவர், அனுமதி தந்தவரும் அவர், மரியாதை அதுதான். இந்தக் கடிதத்தை மட்டும் நீ சொன்னபடி கௌஸ் முகம்மது பாயின் கோல்ட் ஸ்டோர் மளிகைக் கடை பாக்ஸுக்குப் போடுகிறேன். இந்த ஊர்களில் வீட்டு வாசலுக்குத் தபால் வராது, வேலை செய்கிற இடத்துப் பெட்டிக்குத்தான் வரும், சரி. ஆனால் ஒரு வாத்தியாருக்கு வரும் கடிதத்தை ஆபீஸில் பிரித்துப் படித்துவிட்டுத் தருவது என்ன வழக்கம்? மளிகைக் கடைப் பெட்டியில் ஒளித்து அனுப்புகிற அளவுக்கு அக்காவுக்கும் தம்பிக்கும் என்ன ரகசியம் என்று அத்தான் கேலி செய்கிறார்.

என் எம்.ஃபில். தலைப்பு உனக்கு மறந்திருக்கும். ஆசிரியர்கள் தங்களுக்குத் துணையாக இருக்கிறார்கள் என்று மாணவர்கள் எந்த அளவுக்கு உணர்கிறார்கள், அதை அளப்பது. ஷார்ஜாவில் மூன்று பள்ளிகளுக்கு நடந்தேன். மூன்றிலும் ஜூஸ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உங்கள் கோபாலசாமி சார் ஒருவர்தான், தாராளமாகச் செய்யுங்கள் மேடம், எங்களைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரிய வேண்டாமா என்றார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

படிவத்தில் இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு எண் போட வேண்டும். முழுக்க ஒப்புக்கொண்டால் ஐந்து, அடியோடு இல்லையென்றால் ஒன்று. நிரப்பும்போது வகுப்பில் எந்த ஆசிரியரும் இருக்கக் கூடாது. நீயும்தான். வகுப்புத் தலைவன் வாங்கி, எல்லோர் முன்னாலும் கவரில் போட்டு ஒட்டட்டும். அங்கே யாரும் பிரிக்கக் கூடாது.

பெயர் எழுத வேண்டாம். ஆனால் சில வாரம் கழித்து இதே பிள்ளைகள் இதே படிவத்தை மறுபடி நிரப்புவார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் என் அளவுகோல் நம்பத் தகுந்ததா என்று தெரியும். அதற்கு ஒரு அடையாளம் வேண்டுமே. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒன்று கண்டுபிடித்தேன். வலது மூலையில் பஸ் நம்பரும் ஸ்டாப் நம்பரும் எழுதினால் போதும். எல்லோரும் பஸ்ஸில் வருகிறவர்கள், ஐடி கார்டிலேயே இருக்கிறது, யாருக்கும் மறக்காது. கைடு ஜலஜா மேடம் போனிலேயே பாராட்டினார்.

பதினோராவது வாக்கியத்தைத்தான் நான் பெரிதாக நம்பியிருக்கிறேன். "எனக்கு ஒரு கஷ்டம் என்றால் போய்ச் சொல்ல இந்தப் பள்ளியில் ஓர் ஆசிரியர் இருக்கிறார்." உன் வகுப்புப் பிள்ளைகள் இதற்கு ஐந்து போட்டுவிடுவார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஜெயாவின் விசா என்ன ஆயிற்று என்று எழுது.

அன்புடன்,
அக்கா உமாராணி

&nbsp;

ஈசா டவுன், பஹ்ரைன்
1-5-2004

அன்புள்ள அக்காவுக்கு,

சரவணன் எழுதுவது. நலம். உன் கடிதத்தைக் கௌஸ் பாய் ஒரு தயிர் டப்பாவோடு சேர்த்துக் கொடுத்தார். கடிதத்துக்கு ஒன்றுமில்லை, தயிருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஒன்பது ஏ, ஒன்பது பி, பத்து, மூன்று வகுப்பும். ஒன்பது பி என் வகுப்பு, முப்பத்தெட்டு பேர். நீ சொன்ன மாதிரி நான் வெளியே போய்விட்டேன். சார் கவரை ஒட்டும்போது வாசலில் நின்று பார்த்தேன், கவலைப்படாதே. மூன்று கவரும் இந்த வாரம் கூரியரில் வரும்.

ஒன்று சொல்ல வேண்டும், பெரிய விஷயமில்லை. படிவம் கொடுக்கும்போது ஒரு பிள்ளை எழுந்து, "பேரு வேணாம்னா ஸ்டாப் நம்பர் எதுக்கு சார்?" என்று கேட்டாள். எங்க அக்கா வேறு நாட்டில் உட்கார்ந்து பார்ப்பார், அவருக்கு உங்களில் ஒருவரையும் தெரியாது என்றேன். உட்கார்ந்துவிட்டாள். சரியாகத்தானே சொன்னேன்?

கோபாலசாமி சார் சராசரி எவ்வளவு என்று தினமும் கேட்கிறார். அடுத்த வருஷத்து அட்மிஷன் நோட்டீஸில் போட வேண்டுமாம். எங்களுடையது இரண்டு வாடகை வில்லாக்களின் நடுச்சுவரை இடித்து நடத்துகிற பள்ளி. பெரிய பள்ளிகளில் இடம் கிடைக்காத பிள்ளைகள் வருகிற இடம். அவருக்கு அந்தத் தாழ்வு மனப்பான்மை உண்டு. சீக்கிரம் ஒரு எண்ணைச் சொல்லிவிடு, எனக்கும் நிம்மதி.

ஜெயாவின் விசாவுக்குப் பள்ளி லெட்டர் தர வேண்டும். சார் மேஜையில் இருக்கிறது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நானும் அவளும் சேர்ந்திருந்தது எழுபது நாள். போன வாரம் அவர், "உங்க ஃபேமிலி விசா என் பேனாவுலதான் இருக்கு சரவணகுமார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி,
சரவணன்

&nbsp;

முவைலா, ஷார்ஜா
8-5-2004

அன்புள்ள சரவணா,

கவர்கள் வந்தன. வந்த அன்றே உங்கள் கோபாலசாமி சார் போன் செய்தார். எண்களை மட்டும் அவசரமாகக் கூட்டி 4.7 என்று சொல்லிவிட்டேன். ஐந்துக்கு நாலே முக்கால் கிட்ட. அவர் சந்தோஷப்பட்டார், நானும் பெருமையோடு போனை வைத்தேன். இப்போது அந்த வாயை அலம்ப வேண்டும் போலிருக்கிறது.

நேற்று உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். ஒன்பது பி-யில் முப்பத்தெட்டு பேரும் எல்லா வாக்கியத்துக்கும் ஐந்து போட்டிருக்கிறார்கள். இப்படி ஏதாவது நடந்தால் கண்டுபிடிக்கத்தான் பதினான்காவது வாக்கியத்தைத் தலைகீழாக வைத்தேன். "ஆசிரியர்கள் என்னைக் கண்டுகொள்வதே இல்லை." அதற்கும் முப்பத்தெட்டு ஐந்து. படித்துப் போட்ட எண் இல்லை அது. பயந்து போட்டது. நீ எழுதியதிலேயே இருக்கிறது, "சார் கவரை ஒட்டும்போது" என்று. வகுப்புத் தலைவன் எங்கே போனான்? சார் முழு நேரமும் உள்ளேதானே இருந்தார்? என்னிடம் பூசி மெழுகாதே.

அதை விடு. ஒரு தாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மூலையில் பஸ் 4, ஸ்டாப் 13. பதினோராவது வாக்கியத்தில் முதலில் ஒன்று போட்டு, ரப்பரால் அழித்து, மேலே ஐந்து எழுதியிருக்கிறது. அழுத்தி எழுதிய பிள்ளை, அந்த ஒன்றின் தடம் பின்பக்கம் வரை தெரிகிறது. பின்பக்கத்தின் கீழ் ஓரத்தில், எறும்பு ஊர்ந்தது போல ஆங்கிலத்தில் நாலு வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"என்னை மாடி ரூமில் விட்டுப் பூட்டினார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். பஸ் போய்விட்டது. ரொம்ப நேரம் தட்டினேன். இதை வெளியே சொன்னால் அப்பாவின் வேலை போய்விடும்."

படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன மாடி ரூம் அது? யார் பூட்டினார்கள்? எப்படி ஒரு பிள்ளையை மறக்க முடியும்?

ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள். அந்தப் பிள்ளை யார் என்று நீ தேடாதே. கண்டுபிடிப்பது உனக்கு ஒரு நிமிஷ வேலை, எனக்குத் தெரியும். அந்த ஒரு நிமிஷத்தை என் புத்திசாலித்தனம்தான் உனக்குக் கொடுத்திருக்கிறது. பெயர் தெரியாது என்று சத்தியம் செய்து வாங்கிய தாள் இது. பிள்ளையை விட்டுவிட்டு அந்த அறையை மட்டும் விசாரி. அது பூட்டப்படாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்.

இரண்டாம் சுற்றுப் படிவங்களையும் கட்டிவிட்டேன். நாளை அத்தான் சைட்டுக்குப் போகிற வழியில் கட்டையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்தே போஸ்ட் ஆபீஸில் கொடுப்பார். இந்தத் தடவை நீ வகுப்பு வாசலில் நில். உள்ளே யாரும் போகாமல் பார்த்துக்கொள்.

அக்கா

&nbsp;

ஈசா டவுன்
17-5-2004

அக்கா,

உன் கடிதம் கௌஸ் பாய் கடைக்கு வரவில்லை. படிவக் கட்டுக்குள் இருந்தது. கட்டு கோபாலசாமி சார் பெயருக்கு வந்தது.

என்னைக் கூப்பிட்டு, மடிப்புக் கலையாமல் நீட்டினார். படித்தேன் என்றும் சொல்லவில்லை, படிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"உங்க அக்கா நல்லா படிச்சவங்க. பேரு வேணாம்பாங்களாம், பஸ் நம்பர் மட்டும் வேணுமாம். நல்ல ஐடியா."

வேறு ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. கோபமாகக்கூட இல்லை. நீ பதற வேண்டாம். மாடி ரூம் என்பது சும்மா ஒரு பழைய அறை, சாமான் போட்டு வைப்பது. பிள்ளைகள் கதை கட்டுவார்கள், உனக்குத் தெரியாததா.

இரண்டாம் சுற்றும் முந்தாநாள் முடிந்துவிட்டது. கவர்களை இன்று அனுப்புகிறேன். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம், கடைப் பெட்டிக்கும் வேண்டாம். ஜெயாவின் லெட்டர் அடுத்த வாரம் கையெழுத்தாகும் என்றார், தானாகவே சொன்னார்.

சரவணன்

&nbsp;

முவைலா, ஷார்ஜா
26-5-2004

சரவணா,

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். கட்டையும் கடிதத்தையும் ஒரே பையில் போட்டு அத்தானிடம் கொடுத்தது நான். கடித உறையில் நான் விலாசம் எழுதியிருந்தேன், அவர் அதைப் பார்க்கவில்லை. எல்லாம் பஹ்ரைனில் இருக்கிற மச்சானுக்குத்தானே, எதற்கு இரண்டு ஸ்டாம்ப் என்று கட்டைப் பிரித்து உள்ளே செருகி மறுபடி ஒட்டியிருக்கிறார். வந்து அதைச் சமர்த்தாகச் சொன்னார். நான் அவரோடு நாலு நாள் பேசவில்லை. பேசாமல் இருந்து என்ன ஆகப்போகிறது.

உன் கவர்கள் வந்தன. ஒன்பது பி கவரில் முப்பத்தேழு தாள்கள். பஸ் 4, ஸ்டாப் 13 இல்லை. மூன்று தடவை எண்ணினேன். அர்ஜுனை விட்டும் எண்ணச் சொன்னேன்.

நீ ஏன் ஒரு வரி கூட அதைப் பற்றி எழுதவில்லை? முப்பத்தேழு என்று உனக்குத் தெரியாமலா கவரை ஒட்டினாய்? அந்தப் பிள்ளை எங்கே? பள்ளிக்கு வருகிறாளா, இல்லையா? அவள் என்று எழுதிவிட்டேன் பார். எழுத்தைப் பார்த்தாலே பெண் பிள்ளை என்று தெரிகிறது. ஸ்டாப் நம்பர் எதற்கு என்று எழுந்து கேட்டவளும் அவள்தானே?

ராஜினாமா செய், சண்டை போடு என்றெல்லாம் நான் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். அவள் எங்கே?

கடைப் பெட்டிக்குத்தான் போடுகிறேன், நானே நடந்து போய்ப் போடுகிறேன்.

அக்கா

&nbsp;

ஈசா டவுன்
5-6-2004

அக்கா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் நான் நல்லவனாக வருகிற மாதிரியே வருகிறது. அதனால் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அவள் பெயர் பானுப்பிரியா. அப்பா கார்மேகம், பரமக்குடிப் பக்கம், சல்மாபாத்தில் ஒரு கேரேஜில் மெக்கானிக். கேரேஜுக்கும் எங்கள் பள்ளிக்கும் ஒரே கஃபீல், எல்லோர் விசாவும் அந்த ஒரு முதலாளியின் கையில். பஸ் நான்கின் கடைசி ஸ்டாப் அந்தக் கேரேஜ் வாசல். அங்கே இறங்குகிற பிள்ளை அவள் ஒருத்திதான்.

மாடி ரூம் சாமான் அறை இல்லை. வில்லாவில் முன்பு வேலைக்காரிக்குக் கட்டிய அறை. ஜன்னல் கிடையாது. கீழ் வகுப்புகளின் ஏசி மெஷின்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் நின்று அனலைக் கக்கும். வீட்டுப்பாடம் செய்யாதவர்கள், பேசுகிறவர்கள் அங்கே போய்ச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். கோபாலசாமி சார் கொண்டுவந்த வழக்கம். எல்லா ஆசிரியர்களும் அனுப்புவார்கள்.

யார் பூட்டினார்கள் என்று கேட்டாய். நான்தான்.

ஏப்ரல் முதல் வாரம். கணக்கு நோட்டுக் கொண்டுவரவில்லை. அரை மணி நேரம் நிற்கட்டும் என்று நானே கூட்டிப்போய்த் தாழ் போட்டேன். அடுத்த பீரியட் பத்தாம் வகுப்பு, அதற்கடுத்து டெஸ்ட் பேப்பர், பிறகு பஸ் டியூட்டி. பஸ்ஸில் ஏற்றிப் பெயருக்கு டிக் போட்டேன், எல்லோரும் ஏறியாயிற்று என்று. எனக்கு நினைவே இல்லை அக்கா. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போன வாட்ச்மேன் ராமையா சத்தம் கேட்டுத் திறந்திருக்கிறார். மறுநாள் கார்மேகம் வந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, "பரவால்ல சார், பிள்ளையக் கண்டிக்கத்தான செஞ்சீங்க" என்றார். என்னை அவர் அன்றைக்கு ஒரு அறை அறைந்திருக்கலாம்.

உன் படிவம் வந்தபோது அவள் ஸ்டாப் நம்பர் எதற்கு என்று என்னைத்தான் கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அன்று சார் டீ கொடுத்துவிட்டு இன்னொன்றும் கேட்டார். அதை உனக்கு எழுதவில்லை. "நாலாம் நம்பர் பஸ்ல கடைசில இறங்குறது யாரு?" அவர் பஸ் லிஸ்ட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். லிஸ்ட் அவர் மேஜை மேலேயே இருந்தது. என் வாயால் வர வேண்டும் என்று காத்திருந்தார். ஜெயாவின் லெட்டரும் அதே மேஜையில் இருந்தது. நான் சொன்னேன்.

இரண்டாம் சுற்று அன்று அவளை ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை, மே 22, நான் அட்டெண்டன்ஸ் எடுத்தேன். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வகுப்பில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் முப்பத்தேழு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் ஆப்சென்ட் போட்டுவிட்டுப் போர்டில் கணக்கு எழுதினேன். அன்று நாற்பத்து மூன்று டிகிரி. கடைசி பீரியடில் ராமையா மாடி ரூமிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நினைவு இல்லை. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றி மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஒரு கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கிறது என்று ராமையா சொன்னார்.

போன வாரம் அவளையும் அவள் அம்மாவையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கார்மேகத்தின் விசாவும் கேன்சல். ரிஜிஸ்டரில் அன்றைக்கு அவள் ஆப்சென்ட். அதனால் அன்று அவள் பள்ளியிலேயே இல்லை. சார் என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். என் கையெழுத்து.

இப்போது படிவங்களைத் திருப்பிக் கேட்கிறார். எல்லாவற்றையும். அனுப்பிவிடு அக்கா.

சரவணன்

&nbsp;

முவைலா, ஷார்ஜா
13-6-2004

சரவணா,

படித்துவிட்டு உன்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு அதில் பாதி எனக்கும் பொருந்தும் என்று தெரிந்தது, நிறுத்திவிட்டேன். நீ தாழ் போட்டாய், வாயைத் திறந்தாய். ஆனால் அவளை வலது மூலையில் அடையாளம் போட வைத்தது யார்? இரண்டு சுற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் என் ஆராய்ச்சி அழகாக வரும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசைக்கு ஒரு பிள்ளையின் கை நடுங்குகிறது.

ஜலஜா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், ஒன்பது பி-யை விட்டுவிட்டு மற்ற இரண்டு வகுப்பை வைத்து எழுதுங்கள், மாதிரி கொஞ்சம் சின்னதாகும், பாதகமில்லை என்றார். எனக்கு அந்தப் பட்டம் வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன்.

படிவங்களைத் தர மாட்டேன். உங்கள் நிர்வாகக் குழுவில் ஐந்து பேர் இருக்கிறார்கள், மனாமாவில் ஆபீஸ். ஐந்து பேருக்கும் தனித்தனியாக எழுதப் போகிறேன். அந்தத் தாளின் நகலும், நீ எழுதிய கடிதத்தில் அறையைப் பற்றிய பக்கமும் வைப்பேன். உன் பெயர் வரும். மறைத்தால் கதை நிற்காது. மே 22 அன்று அவள் பள்ளியில் இருந்தாள் என்று சொல்லப் பெரியவர்களில் உன்னையும் ராமையாவையும் தவிர ஆளில்லை.

உன் வேலை போகலாம். ஜெயாவின் விசா போகலாம். தெரிந்துதான் எழுதுகிறேன். ஊருக்குப் போய்விடு, நானும் அத்தானும் பார்த்துக்கொள்கிறோம். உன்னை நான் வெறுக்கவில்லை. ஆனால் உன் முகத்தை நினைத்தால் இப்போது எனக்கு அந்த அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்தான் நினைவுக்கு வருகிறது.

அக்கா

&nbsp;

ஈசா டவுன்
20-6-2004

அக்கா,

வேண்டாம். காலில் விழுந்து கேட்கிறேன். நேற்று ஜெயாவின் லெட்டர் கையெழுத்தாகிவிட்டது. அவள் ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். பெட்டி வாங்கிவிட்டாள்.

என் பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது. வேலையை விட்டு அனுப்பினால்கூடப் பரவாயில்லை. அனுப்பாமல் வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று நீ யோசித்தாயா?

அந்தப் பிள்ளைதான் ஊருக்குப் போய்விட்டாளே. இனி யாருக்காக?

சரவணன்

&nbsp;

முவைலா, ஷார்ஜா
28-6-2004

சரவணா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே ஐந்தையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். முன்னால் வந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

யாருக்காக என்று கேட்டாய். இன்னும் முப்பத்தேழு பேர் இருக்கிறார்கள்.

அக்கா

&nbsp;

ஈசா டவுன்
15-9-2004

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அத்தான்தான் எடுத்து, வெளியே போயிருக்கிறாள் என்கிறார். பின்னால் நீ அர்ஜுனைச் சத்தம் போடுவது எனக்குக் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். இதைப் பள்ளியிலிருந்தே, பள்ளி உறையிலேயே எழுதுகிறேன். இனிமேல் ஒளிக்க ஒன்றுமில்லை.

உன் ஐந்து கடிதங்களும் போய்ச் சேர்ந்தன. நாலு பேர் பிரிக்கவே இல்லை. ஐந்தாமவர் படித்துவிட்டு, தகுந்த நடவடிக்கை எடுக்கவும் என்று ஓரத்தில் எழுதிக் கோபாலசாமி சாருக்கே அனுப்பிவிட்டார். லீவுக்கு முதல் நாள் சார் என்னைக் கூப்பிட்டார். வேலையை விட்டு நீக்கப் போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் நம்ப மாட்டாய், அது எனக்கு ஒரு விடுதலை மாதிரி இருந்தது. அவர் கோபப்படவே இல்லை. உங்க அக்கா சொல்றதுல நியாயம் இருக்கு, பிள்ளைகளுக்குப் போய்ச் சொல்ல ஒரு இடம் வேணும்தான் என்றார்.

லீவில் மாடி ரூமுக்கு வெள்ளையடித்தார்கள். ஒரு ஏசி வைத்தார்கள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. வாசலில் மாணவர் ஆதரவு அறை என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் போர்டு. அதற்குக் கீழே கண்ணாடிச் சட்டத்தில் அட்மிஷன் நோட்டீஸ். நடுவில் பெரிதாக 4.7. கீழே சின்ன எழுத்தில், ஆய்வு: திருமதி உமாராணி வாசு, ஷார்ஜா. நிர்வாகக் குழுவினர் வந்து பார்த்துக் கைதட்டினார்கள். ராமையாவை ஜூலையிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அறைக்குப் பொறுப்பாளர் நான். இனிமேல் தொந்தரவு தருகிற பிள்ளைகளை எல்லா வகுப்பிலிருந்தும் என்னிடம்தான் அனுப்புவார்கள். முடியாது என்று நான் சொல்லவில்லை. ஜெயா வந்து பத்து நாள் ஆகிறது. உங்க சார் ரொம்பத் தங்கமானவர் என்கிறாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லவும் வரவில்லை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை அக்கா, ஆனால் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் நினைத்தேன். அறையாவது என் கையில் இருக்கிறதே, கதவைத் திறந்தே வைப்போம், வருகிற பிள்ளையை உட்கார வைத்துப் பேசுவோம், போகப் போகச் சரியாகிவிடும் என்று. நேற்று முதல் பிள்ளை வந்தது. ஆறாம் வகுப்பு, தமிழ்ப் பிள்ளை. வகுப்பில் காரணமில்லாமல் அழுகிறாள் என்று டீச்சர் சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நேராகப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. பக்கத்தில் போய், என்னம்மா கஷ்டம், என்னிடம் சொல்லலாம் என்றேன்.

அவள் திரும்பாமலே கேட்டாள்.

"எவ்ளோ நேரம் சார்?"

சரவணன்